கல்வெட்டுத் தரவுத்தளங்களில் தொகுப்பறிக்கைப் பிழைகள்: புதுக்கோட்டைக் கல்வெட்டுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுச் செய்திகளைக் கணினித் தரவுத்தளத்தில் பதிந்து, அரச மரபு, ஊர், நூற்றாண்டு, கொடைவகை என்னும் அடிப்படைகளில் தொகுப்பறிக்கை பெறுவது இன்றைய தமிழாய்வில் இயல்பான செயலாகிவிட்டது. அவ்வறிக்கைகளில் தோன்றும் எண்கள் முடிவுரைகளுக்கு அடிப்படையாகின்றன. ஆயின், பதிவுகள் யாவும் சரியாக இருக்கும்போதும் தொகுப்பு எண் தவறாக வரக்கூடும். புதுக்கோட்டை மாவட்டக் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய பிழைகள் தோன்றும் இடங்களையும் அவற்றைக் கண்டறிந்து களையும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கல்வெட்டு, புதுக்கோட்டை, தரவுத்தளம், தொகுப்பறிக்கை, ஒருங்குறி, நில அளவை, ஆட்சியாண்டு.

1. முன்னுரை

தமிழகத்தில் கல்வெட்டுகளை முறையாகத் தொகுத்து வெளியிட்ட சமஸ்தானங்களுள் புதுக்கோட்டை குறிப்பிடத்தக்கது. அரச மரபு வரிசையில் அமைந்த 1130 கல்வெட்டுகளின் மூலபாடம் 1929 இல் வெளிவந்தது. கே. ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1940களில் தொடர்ந்தது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம், குன்றாண்டார்கோயில் முதலிய ஊர்களின் கல்வெட்டுகள் ஒரே தொகுதியில் கிடைப்பதால், எண்ணிக்கை அடிப்படையிலான ஆய்வுக்கு இத்தொகுதி மிகவும் ஏற்றதாக உள்ளது.

கல்வெட்டாய்வில் கணினிவழி எண்ணிக்கை புதிதன்று. நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயர்ச் சொல்லடைவு மூன்று தொகுதிகளாக மதுரையில் 1978 இல் வெளியிடப்பட்டது. தனிச் சான்றுகளை மட்டும் எடுத்துக்காட்டாமல், சான்றுகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்து முடிவு கூறும் முறையை அந்நூல் நிலைநிறுத்தியது. அன்று பெருங்கணினி தேவைப்பட்ட அப்பணியை இன்று தனியொரு ஆய்வாளர் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ், லிப்ரே ஆபிஸ் பேஸ் போன்ற மேசைக்கணினி நிரல்களில் செய்துகொள்ள இயல்கிறது. ஆக்செஸ் 1992 இல் வெளிவந்தது. கல்லூரிக் கணினிகளில் பெரும்பாலும் கிடைப்பதாலும் அறிக்கை வடிவமைப்பு எளிதாக இருப்பதாலும் ஆய்வாளர் பலர் அதனையே நாடுகின்றனர்.

இவ்வசதியில் ஓர் இடர் உண்டு. கையால் எண்ணுபவர் எண்ணும்போதே ஐயங்கொண்டு நிற்கிறார். நிரலோ ஐயம் எதுவுமின்றி ஓர் எண்ணைத் தருகிறது. அவ்வெண் அழகிய அட்டவணையாக ஆய்வேட்டில் இடம்பெற்றபின், நெறியாளரோ தேர்வாளரோ அதனை மீண்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்வரும் ஆய்வாளர் அதனை மேற்கோளாக எடுத்தாள்கிறார். ஒரு வினவலில் நேர்ந்த பிழை, வரலாற்றுச் செய்தியாக மாறிவிடுவது இவ்வாறுதான்.

2. தொகுப்பறிக்கையின் அமைப்பு

பிழையின் இடத்தை அறிய, எண் கடந்துவரும் வழியை அறிதல் வேண்டும். தரவு முதலில் அட்டவணைகளில் நிற்கிறது. வினவல், அட்டவணைகளை இணைத்தும் வடிகட்டியும் ஒரு பதிவுத் தொகுதியை உருவாக்குகிறது. அறிக்கை, அப்பதிவுகளைக் குழுக்களாகப் பிரித்துக் கூட்டுகிறது. அறிக்கைக்குள்ளும் அறிக்கைத் தலைப்பு, பக்கத் தலைப்பு, குழுத் தலைப்பு, விவரப் பகுதி, குழு அடி, பக்க அடி, அறிக்கை அடி எனப் பகுதிகள் உண்டு. ஆகவே, பிழை அட்டவணையிலோ வினவலிலோ அறிக்கையிலோ தோன்றலாம். அறிக்கையில் தெரியும் பிழையை அறிக்கையிலேயே திருத்த முயல்வது பலர் செய்யும் தவறு. வினவலைத் தனியே இயக்கி, அது தரும் பதிவுகளின் எண்ணிக்கையை முதலில் பார்த்தால் தேடும் இடம் பெரிதும் குறையும்.

பிழைகளை மற்றொரு வகையாலும் பிரிக்கலாம். சில பிழைகள் பிழைக்குறியாக வெளிப்படும். சில பிழைகள் நம்பத்தகுந்த எண்ணாக மறைந்து நிற்கும். முன்னவை எரிச்சலூட்டுவன, பின்னவையே ஆபத்தானவை.

3. வெளிப்படையான பிழைகள்

வெளிப்படையான பிழைகளுக்குரிய காரணங்கள் சிலவே. ஆக்செஸில் கூட்டல், எண்ணல் முதலிய தொகுப்புச் சார்புகள் பக்க அடியில் இயங்குவதில்லை; அங்கு இட்டால் பிழைக்குறியே வரும். அவற்றைக் குழு அடியிலோ அறிக்கை அடியிலோ இடவேண்டும். ‘நிலம்’ என்னும் புலத்தைக் கூட்டும் பெட்டிக்கும் ‘நிலம்’ என்றே பெயரிட்டால், பெட்டி தன்னையே சுட்டிக்கொள்வதால் பிழை நேரும். ‘நிலக்கூட்டுத்தொகை’ என வேறு பெயர் தரின் அது நீங்கும். அறிக்கையிலேயே கணக்கிடப்பட்ட ஒரு பெட்டியை அடிப்பகுதியில் கூட்டுதல் இயலாது. அக்கணக்கீட்டை வினவலுக்கு மாற்றி, அங்குப் பிறக்கும் புலத்தைக் கூட்டவேண்டும். அறிக்கையைத் திறக்கும்போது மதிப்பொன்றை உள்ளிடுமாறு நிரல் கேட்குமாயின், பெரும்பாலும் ஒரு புலத்தின் பெயர் எழுத்துப்பிழையுடன் எழுதப்பட்டுள்ளது என்பதே பொருள். தமிழில் புலப்பெயர் இடுவோர்க்கு இது அடிக்கடி நேர்கிறது. அதன் காரணம் ஐந்தாம் பகுதியில் விளங்கும்.

4. மறைந்து நிற்கும் பிழைகள்: மிகுதலும் குறைதலும்

4.1 இணைப்பால் மிகுதல்

கல்வெட்டு ஒன்று; அதில் கூறப்படும் கொடைகள் பல; கையெழுத்திட்டோரும் பலர். இவற்றை மூன்று அட்டவணைகளாக வைத்துக் கல்வெட்டு எண்ணால் தொடர்புபடுத்துவது முறையான வடிவமைப்பேயாகும். சிக்கல் மூன்றையும் ஒரே வினவலில் இணைக்கும்போது எழுகிறது. விளக்கத்திற்காக, ஒரு கல்வெட்டில் மூன்று மா, ஐந்து மா என இரு நிலக்கொடைகளும், கையெழுத்திட்டோர் நால்வரும் உள்ளதாகக் கொள்வோம். இணைத்த வினவல் ஒவ்வொரு கொடையையும் ஒவ்வொரு கையெழுத்துடனும் சேர்த்து எட்டுப் பதிவுகளைத் தரும். அறிக்கை அவற்றைக் கூட்டினால் எட்டு மா நிலம் முப்பத்திரண்டு மாவாகும். ஒரு கல்வெட்டு எட்டாக எண்ணப்படும்.

புதுக்கோட்டைப் பகுதியின் பிற்காலக் கல்வெட்டுகளில் இப்பிழை ஒருதலையான விளைவைத் தருவது கவனிக்கத்தக்கது. ஊராரும் நாட்டாரும் கூடிப் பாடிகாவல் உரிமையையோ நிலத்தையோ விற்றுக்கொடுக்கும் ஆவணங்களில் கையெழுத்திட்டோர் பலராக இருப்பர். தனியொருவர் விளக்குக்கு அளித்த கொடையில் அவ்வாறு இல்லை. எனவே, கையெழுத்து மிகுந்த ஆவணங்களின் நில அளவு மட்டும் பெருகி, நில விற்பனை உண்மையில் நிகழ்ந்ததைவிடப் பன்மடங்கு மிகுந்ததாகத் தோன்றும். சமூக மாற்றம் எனக் கொள்ளப்படுவது இணைப்புப் பிழையின் நிழலாக இருந்துவிடலாம்.

தீர்வு, முதலில் தனித்தனியே தொகுத்துப் பின்னர் இணைத்தலாகும். கொடைகளைக் கல்வெட்டு எண்வாரியாகக் கூட்டும் வினவல் ஒன்று, கையெழுத்துகளை எண்ணும் வினவல் ஒன்று என அமைத்து, கல்வெட்டுக்கு ஒரே வரி வந்தபின் இரண்டையும் இணைக்கவேண்டும். ஆக்செஸின் வினவல் மொழியில் வேறுபட்ட மதிப்புகளை மட்டும் எண்ணும் நேரடிச் சார்பு இல்லை. ஆதலால், வேறுபட்ட கல்வெட்டு எண்களை எடுக்கும் உள்வினவல் அமைத்து அதனை எண்ணவேண்டும். அறிக்கையிலேயே செய்வதாயின், கல்வெட்டுக் குழுவின் தலைப்பில் ஒன்று என்னும் மதிப்புடைய பெட்டியை வைத்து, அதனை அறிக்கை முழுமைக்கும் தொடர்கூட்டலாக அமைத்து, இறுதி மதிப்பை அறிக்கை அடியில் காட்டலாம்.

4.2 வெற்று மதிப்பால் குறைதல்

சிதைந்த கல்வெட்டுகளில் அரசன் பெயரோ ஆண்டோ இராது. அப்புலங்கள் வெறுமையாக விடப்படும். வெற்று மதிப்பு சுழியன்று. ‘அறியப்படவில்லை’ என்பதே அதன் பொருள். பதிவுகளை எண்ணும் சார்பு எல்லா வரிகளையும் எண்ணும். குறிப்பிட்ட புலத்தை எண்ணும் சார்பு வெற்று வரிகளை விட்டுவிடும். ஒரே அறிக்கையில் இவ்விரண்டும் கலந்தால் விழுக்காடு பிறழும். ‘சோழர் அல்லாத கல்வெட்டுகள்’ என வடிகட்டும்போது மரபு தெரியாத கல்வெட்டுகளும் சேரும் என ஆய்வாளர் எதிர்பார்ப்பார். ஆனால், வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் உண்மை என்னும் விடை வராது. அவை சோழர் கணக்கிலும் சேராமல், சோழர் அல்லாதார் கணக்கிலும் சேராமல் மறைந்துவிடும். வெற்று மதிப்பையும் சேர்க்குமாறு வடிகட்டலில் வெளிப்படையாகக் கூறுவதும், அறிக்கையில் ‘மரபு அறியப்படாதவை’ எனத் தனிக்குழு காட்டுவதும் தேவை.

4.3 சுழியும் இன்மையும்

உள் இணைப்பு, இரு அட்டவணைகளிலும் பொருந்தும் பதிவுகளை மட்டும் தரும். ஊர்ப் பட்டியலில் உள்ள ஓர் ஊருக்குக் கல்வெட்டு இல்லையெனில் அவ்வூரே அறிக்கையில் இராது. அதனைக் காட்ட வெளி இணைப்பைப் பயன்படுத்துவர். அப்போது வேறொரு சிக்கல் பிறக்கிறது. சமஸ்தானக் காலத்தில் ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என மூன்று வட்டங்களே இருந்தன. 1948 மார்ச்சு 3 அன்று சமஸ்தானம் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரி 14 அன்று புதிய மாவட்டம் அமைந்தபோது, முன்னர்த் தஞ்சை மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது. இன்றைய வட்டங்களைக் குழுவாகக் கொண்டு 1929 தொகுதியை மட்டும் எண்ணினால் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி வட்டங்களுக்கு எதிரே சுழி தோன்றக்கூடும். அது கல்வெட்டு இன்மையைக் குறிப்பதன்று. தொகுதியின் எல்லையைக் குறிப்பது. ஆகவே, ஊர் அட்டவணையில் ‘தொகுதியின் எல்லைக்குட்பட்டது’, ‘எல்லைக்கு வெளியே’ என்னும் புலம் ஒன்று இருத்தல் வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ளவற்றுக்குச் சுழிக்கு மாறாகக் கோடு காட்டவேண்டும்.

5. எழுத்தும் பெயரும்: குழுக்கள் பிளவுபடுதல்

அறிக்கை ஒரே மதிப்புடைய பதிவுகளை ஒரு குழுவாக்குகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது நிரலுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கில்லை. ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியைத் தனியொரு குறியாகவும் உள்ளிடலாம். எகரக்குறியும் கால்குறியும் அடுத்தடுத்து வரவும் உள்ளிடலாம். இரண்டும் திரையில் ஒன்றேபோல் தெரியும். குறிகளை அப்படியே ஒப்பிடும் நிரலில் ‘கொடும்பாளூர்’ இரு குழுக்களாகப் பிரிந்து, மூவர்கோயில் அமைந்த அவ்வூர் இருமுறை தோன்றும். ஔகாரக் குறியின் பின்பாதிக்கு மாற்றாக ளகர எழுத்தைத் தட்டுவதும் இத்தகையதே. சித்தன்னவாசல் கல்வெட்டில் வரும் இளங்கௌதமன் பெயர் தேடலில் அகப்படாமல் போவதற்கு இது காரணமாகலாம். பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இவை மிகுதி. தரவை உள்ளிட்டபின் ஒரே வடிவத்திற்கு இயல்பாக்குதலும், ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தலும் இதற்குரிய காப்புகள்.

வரிசையமைப்பும் கருதத்தக்கது. ஒருங்குறிக் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. மெய்ப்புள்ளி உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் வருகிறது. குறியெண் வரிசையைப் பின்பற்றும் அறிக்கை தமிழ் நெடுங்கணக்கு முறைக்கு மாறாக அமையும். ஊர் அட்டவணையில் வரிசை எண் ஒன்றைச் சேர்த்து அதன்வழி வரிசைப்படுத்துவது எளிய வழி. இது அச்சொழுங்கு பற்றியது மட்டுமன்று. வரிசை பிறழ்ந்த அட்டவணையில் ஓர் ஊர் இல்லை என வாசகர் தவறாக முடிவு செய்யவும் கூடும்.

இவற்றினும் ஆழமானது பெயருக்கும் பட்டத்துக்கும் இடையிலான மயக்கம். இராசகேசரி, பரகேசரி என்பன சோழர் மாறிமாறிப் புனைந்த பட்டங்கள். கோனேரின்மைகொண்டான் என்பது மன்னர் பலர் கொண்ட பட்டம். இவற்றை ‘அரசன்’ என்னும் ஒரே புலத்தில் பதிந்தால், பலருடைய கல்வெட்டுகள் இல்லாத ஒருவனின் கல்வெட்டுகளாகத் தொகுக்கப்படும். மறுபுறம் ‘குலோத்துங்கன்’, ‘குலோத்துங்க சோழதேவர்’, ‘மூன்றாம் குலோத்துங்கன்’ எனப் பதியப்பட்ட ஒருவனே மூவராகப் பிரிவான். கல்லில் உள்ளபடியான பெயர், ஆய்வாளர் அடையாளப்படுத்திய அரசன், அவ்வடையாளத்தின் உறுதிநிலை என மூன்று புலங்கள் வேண்டும். எண்ணுதல் இரண்டாவதன்மேல் அமைய, மூன்றாவது அதன் எல்லையைக் காட்டும். இவ்விடத்தில் தரவுத்தளச் சிக்கல் மூலபாடத் திறனாய்வுச் சிக்கலாகவே ஆகிறது. எந்த நிரலும் இதனைத் தீர்த்துத் தராது.

6. அளவையும் காலமும்

6.1 அலகு கலத்தல்

ஒரு கொடை ஐந்து கலம் நெல். மற்றொன்று முப்பது நாழி. அளவு என்னும் புலத்தில் 5, 30 எனப் பதிந்து கூட்டினால் 35 வரும். அது எதன் அளவும் அன்று. கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணி, குறுணி ஒன்றுக்கு எட்டு நாழி என்னும் வாய்பாட்டின்படி கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி. எனவே சரியான தொகை 510 நாழி. அதாவது ஐந்து கலம் மூன்று குறுணி ஆறு நாழி. பொன்னுக்கும் இவ்வாறே கழஞ்சு ஒன்றுக்கு இருபது மஞ்சாடி, மஞ்சாடி ஒன்றுக்கு இரண்டு குன்றி எனக் கொண்டு, மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமித்து, அறிக்கையில் மட்டும் மரபு அலகுகளாகப் பிரித்துக் காட்டவேண்டும்.

நிலத்திற்கு இம்முறை இன்றியமையாதது. வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரிகை. முந்திரிகையைப் பதின்மத்தில் எழுதினால் 0.003125. ஆக்செஸின் பணவகைப் புலம் நான்கு பதின்ம இடங்களையே காக்கும். அங்கு இது 0.0031 ஆகச் சுருங்கும். முந்நூற்றிருபது முந்திரிகைகளைக் கூட்டினால் ஒரு வேலிக்கு மாறாக 0.992 வேலியே வரும். இழந்தது இரண்டரை முந்திரிகைக்கும் மிகுதி. மிதவைப் புள்ளி எண்களிலும் இப்பின்னங்கள் துல்லியமாக அமைவதில்லை. கீழ்முந்திரிகை வரை செல்லும் கல்வெட்டுகளில் வேலிக்கு 102400 என அதனையே அலகாகக் கொள்ளலாம்.

அலகு ஒன்றாயினும் கோல் ஒன்றன்று. பதினாறு சாண் கோலால் அளந்த மாவும் பதினெட்டுச் சாண் கோலால் அளந்த மாவும் பரப்பில் வேறுபடும். மரக்காலும் பெயருக்குப் பெயர் வேறுபடக்கூடும். கோலின் பெயரும் மரக்காலின் பெயரும் தனிப்புலமாக இருந்து, அறிக்கை அவற்றின்படி குழுப்படுத்தப்பட வேண்டும். கூட்டக்கூடாதவற்றைக் கூட்டாமல் விடுவதும் தொகுத்தலின் ஒரு பகுதியே.

6.2 ஆட்சியாண்டும் நூற்றாண்டும்

நிரலின் நாள்வகைப் புலம் முழு நாளையே கேட்கும். ஆட்சியாண்டு மட்டும் தரும் கல்வெட்டுக்கு அது பொருந்தாது. மேலும் ஆக்செஸில் அது கி.பி. 100 இல்தான் தொடங்குகிறது. கிறித்து ஊழியின் தொடக்கத்தை ஒட்டியதாகக் கருதப்படும் சித்தன்னவாசல் தமிழ்பிராமிக் கல்வெட்டுக்கு அதில் இடமில்லை. ஆட்சியாண்டை உரைவகையில் பதிந்தால் 1, 10, 11, 2 என வரிசை பிறழும். ஆகவே ஆட்சியாண்டு, தொடக்க எல்லை ஆண்டு, முடிவு எல்லை ஆண்டு என மூன்று எண்புலங்கள் தகும்.

நூற்றாண்டுக் குழுவிலும் நுண்ணிய பிழை உண்டு. ஆண்டை நூறால் வகுத்த ஈவுடன் ஒன்றைக் கூட்டினால் 1200 ஆம் ஆண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டில் விழும். அது பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு உரியது. வகுக்கும் முன் ஒன்றைக் கழித்தல் வேண்டும். மூன்றாம் குலோத்துங்கன் 1178 இல் ஆட்சி தொடங்கினான் எனக் கொண்டால், அவனது 23 ஆம் ஆட்சியாண்டு 1200-1201 இல் விழுந்து இரு நூற்றாண்டுகளின் எல்லையில் நிற்கும். எந்த எல்லை ஆண்டைக் கொண்டு குழுப்படுத்தப்பட்டது என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே கூறிவிட்டால் ஐயம் எழாது.

7. சரிபார்க்கும் ஒழுங்கு

மேற்கண்டவற்றைத் தொகுத்துநோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. முதலாவது, அறிந்த மொத்தத்தோடு ஒப்பிடுதல். 1929 தொகுதி முழுவதையும் பதிந்த தரவுத்தளத்தில் எவ்வகையில் குழுப்படுத்தினும் கல்வெட்டுகளின் கூட்டுத்தொகை 1130 ஆகவே இருத்தல் வேண்டும். மிகுந்தால் இணைப்பையும் இரட்டைப் பதிவையும் நோக்கவேண்டும். குறைந்தால் வெற்று மதிப்பையும் உள் இணைப்பையும் நோக்கவேண்டும். இரண்டாவது, சிறிய குழு ஒன்றைத் தேர்ந்து நூலை வைத்துக் கையால் எண்ணுதல். மூன்றாவது, குழுப்பெயர்களை மட்டும் பட்டியலிட்டுப் பார்த்தல். ஒரே பெயர் இருமுறை வரின் எழுத்துக்குறியில் பிழை உண்டு. நான்காவது, வேறு வெளியீட்டிலிருந்தும் தரவு சேர்க்கும்போது, மத்திய அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கை எண்ணும் புதுக்கோட்டைத் தொகுதி எண்ணும் ஒரே கல்வெட்டைக் குறிக்கின்றனவா என உறுதிசெய்தல். ஐந்தாவது, வினவலின் வாசகத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தருதல். எண்ணைத் தந்து, எண்ணிய முறையை மறைக்கும் அட்டவணை மேற்கோள் இடம் சுட்டாத மேற்கோளுக்கு ஒப்பாகும்.

8. முடிவுரை

தொகுப்பறிக்கையில் நேரும் பிழைகளுள் வெளிப்படையானவை நிரலின் விதிகளை அறிவதால் நீங்குகின்றன. மறைந்து நிற்பவை, எதனை ஒன்றாகக் கொள்வது, எதனை வேறாகக் கொள்வது, எதனை எண்ணாமல் விடுவது என்னும் வினாக்களில் வேர்கொண்டவை. கல்வெட்டு ஒன்றா, கொடை ஒன்றா, பெயரா, பட்டமா, இன்மையா, அறியாமையா என்பன கணினி எழுப்பும் வினாக்களாகத் தோன்றினும் அவை கல்வெட்டியலின் அடிப்படை வினாக்களே. ஆதலால் இவற்றைத் திருத்தும் பொறுப்பைக் கணினி வல்லுநரிடம் விட்டுவிட இயலாது. மூலபாடத்தை அறிந்த தமிழாய்வாளரே அதனை ஏற்கவேண்டும்.

கல்வெட்டு எழுதியோர் இதனை அறிந்திருந்தனர். நிலத்துண்டுகளையும் நெல்லளவுகளையும் ஒவ்வொன்றாகக் கூறியபின், ‘ஆக’ என்னும் சொல்லையிட்டு மொத்தத்தைப் பொறிக்கும் வழக்கம் கல்வெட்டுகளில் பரவலாக உண்டு. அந்த ‘ஆக’வுக்கு முன்னுள்ள வரிகள் கல்லிலேயே இருப்பதால், படிப்பவர் எவரும் கூட்டிச் சரிபார்க்கலாம். கணினியில் தொகுக்கப்படும் ஆய்வேட்டு அட்டவணைகளும் அந்நேர்மையைப் பெறுமாயின், அவற்றின்மேல் எழுப்பப்படும் வரலாறு உறுதியாக நிற்கும்.